ஸ்டில்ட் பார்க்கிங் அடுக்குமாடிக்கு பிரேசிங் போடுவது எப்படி

சென்னையில் 2000-ஐ ஒட்டி எழும்பிய மூன்று மாடி, நாலு மாடி ஃபிளாட்களின் கீழ்த்தளத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். கார் நிறுத்துகிற இடம், சுற்றிச் சுவர் கிடையாது, 9 அங்குல அகலத் தூண்கள் வரிசையாக நிற்கும், ஒரு மூலையில் படிக்கட்டும் லிஃப்டும் இருக்கும். முதல் மாடிக்கு ஏறினால் அறைக்கு அறை செங்கல் சுவர். அந்தச் சுவர்களை யாரும் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அவை மேல் மாடிகளை நன்றாக விறைப்பாக்கிவிடுகின்றன. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது முதல் மாடி முதல் மொட்டை மாடி வரை எல்லாம் ஒரே துண்டாக நகரும். வளைய வேண்டிய வேலை முழுவதும் கீழே நிற்கும் அந்தத் தூண்களின் தலையில் விழும்.

இதன் விலை என்ன என்பது 2001 ஜனவரி 26 அன்று அகமதாபாத்தில் தெரிந்தது. நிலநடுக்கத்தின் மையம் பூஜ் பக்கம், 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. அளவு 7.7. இருந்தும் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன, அவற்றில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்குத் திறந்துவிட்டவை. நிலநடுக்க ஆபத்தை வைத்து நாட்டைப் பிரித்ததில் அகமதாபாத் அப்போது மண்டலம் 3, எண் கூடினால் ஆபத்து கூடும். அதற்கு அடுத்த வருடம், 2002-இல், நிலநடுக்கத்துக்கான இந்திய விதிமுறையான ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது சென்னையும் மண்டலம் 2-லிருந்து 3-க்கு வந்தது. நாளைக்கே இடியும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மண்டலம் 2-க்குக் கணக்குப் போட்டு, சில இடங்களில் கணக்கே போடாமல் எழும்பிய கட்டடங்களில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவற்றில் பலவீனமான இடம் எது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

பிரேசிங் என்றால் இரண்டு தூண், மேலே ஒரு பீம், கீழே ஒரு பீம், இந்தச் சட்டத்துக்குள் சாய்வாக இரும்பு போடுவது. நாலு கம்பை நாலு மூலையில் கட்டினால் ஆடும், மூலைக்கு மூலை ஒன்றை இழுத்துக் கட்டினால் நின்றுவிடும். சாரம் கட்டுகிறவர்கள் சவுக்குக் கம்பை இடையிடையே சாய்த்துக் கட்டுவது இதற்காகத்தான். தத்துவம் இவ்வளவுதான் என்பதால் பலர் இது ஃபேப்ரிகேட்டரைக் கூப்பிட்டு ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். சாய்வான இரும்பைப் போடுவது உண்மையிலேயே சுலபம். மேலே இருக்கும் ஸ்லாபிலிருந்து விசையை எடுத்து அந்த இரும்புக்குள் கொண்டுவருவதும், இரும்பிலிருந்து அஸ்திவாரத்துக்குள் இறக்குவதும்தான் வேலை. பணமும் அங்கேதான் போகும், தப்பும் அங்கேதான் நடக்கும்.

முதலில் கட்டடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங் அசோசியேஷனிடம் இருந்தால் பாதி நிம்மதி. பெரும்பாலும் இருக்காது, பில்டரிடமும் இருக்காது. அனுமதிக்குக் கொடுத்த பிளான் மட்டும் கிடைக்கும், அதில் கம்பி விவரம் இருக்காது. டிராயிங் இருந்தாலும் கட்டியது அதன்படிதானா என்று பார்க்க வேண்டியதுதான்.

பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நியமியுங்கள். வீட்டு பிளான் போட்டுத் தருகிறவர் போதாது. பழைய கான்கிரீட் கட்டடத்தை மதிப்பிட்டுப் பலப்படுத்துவதற்கென்றே ஐஎஸ் 15988 என்று ஒன்று 2013-லிருந்து இருக்கிறது. அதன்படி வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் செய்யவேண்டிய சோதனைகள் இவை: கீழ்த்தளத் தூண்களை ரீபார் ஸ்கேனரால் ஸ்கேன் செய்து கம்பி எத்தனை, அவற்றைச் சுற்றிக் கட்டிய ரிங் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது, சில இடத்தில் கோர் எடுத்து நசுக்கிப் பார்ப்பது, இரண்டு மூன்று தூணுக்கு அடியில் குழி தோண்டி ஃபுட்டிங்கின், அதாவது தூணைத் தாங்கும் அஸ்திவாரத் திட்டின், அளவையும் ஆழத்தையும் அளப்பது. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள், டைல்ஸ் உடையும், இரண்டு நாள் கார் நிறுத்த முடியாது என்பார்கள். விடாதீர்கள். ஃபுட்டிங் தெரியாமல் பிரேசிங் டிசைன் செய்ய முடியாது, ஏன் என்பது கீழே வரும்.

ரிங் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு இடத்தில் மூடுகான்கிரீட்டைச் சின்னதாகக் கொத்திப் பார்த்தால் ரிங்கின் முனை எப்படி மடக்கியிருக்கிறது என்று தெரியும். நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் விதிமுறையான ஐஎஸ் 13920 கேட்பது 135 டிகிரி மடிப்பு, அதாவது முனை தூணின் உள்ளே திரும்பிப் போக வேண்டும். தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய கட்டடங்களில் 90 டிகிரி மடிப்பும் 200 மில்லிமீட்டர் இடைவெளியும் சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட தூண் அதிகமாக வளைந்தால் ரிங் திறந்துகொள்ளும், உள்ளே கான்கிரீட் உதிரும், நிற்கும் கம்பி பிதுங்கும். அந்தத் தூணை நம்மால் புதிதாக வார்க்க முடியாது. அது வளையவேண்டிய அளவைக் குறைக்க முடியும், பிரேசிங் போடுவதே அதற்குத்தான்.

எவ்வளவு விசை வரும்

கணக்கை இன்ஜினியர் போடட்டும், ஆனால் அளவு கையில் இருந்தால் பேச வசதி. ஒரு தளம் 200 சதுர மீட்டர், ஸ்டில்ட்டுக்கு மேல் நாலு மாடி, மொத்த எடை தோராயமாக 1,000 டன் என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் மண்டலம் 3-க்கு நில ஆட்டத்தைக் குறிக்கும் எண் 0.16. அதில் பாதி 0.08. இவ்வளவு உயரமுள்ள கட்டடத்துக்கு ஆட்டம் பெருகும் அளவு 2.5. பழைய சாதாரணத் தூண்-பீம் சட்டத்துக்கு வகுக்கும் எண் 3. பெருக்கி வகுத்தால் எடையில் சுமார் 6.7 சதவீதம், அதாவது 67 டன் பக்கவாட்டில் தள்ளும். ரிங் கம்பி எல்லாம் ஒழுங்காகப் போட்ட புதுச் சட்டமாக இருந்தால் 3-க்குப் பதில் 5-ஆல் வகுக்கலாம், 40 டன்னாகிவிடும். நல்ல கம்பி வேலைக்கு விதிமுறை கொடுக்கும் சலுகை அது.

இந்த 67 டன் கட்டடத்தின் நீளவாக்கிலும் வரும், அகலவாக்கிலும் வரும். ஆகவே இரண்டு திசைக்கும் தனித்தனியாக பிரேசிங் வேண்டும். ஒரு திசையில் இரண்டு இடம் என்று எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 33.5 டன். தூணுக்குத் தூண் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் சாய்வு சரியாக 5 மீட்டர். குறுக்கு மறுக்காக இரண்டு இரும்பு போட்டால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 21 டன். ஒன்றில் இழுவை, மற்றதில் அழுத்தம், அடுத்த நொடியில் மாறிவிடும்.

விசையோடு அசைவையும் பார்க்க வேண்டும். ஒரு தளம் இன்னொன்றைவிட உயரத்தில் 0.004 மடங்குக்கு மேல் நகரக் கூடாது என்பது விதி, 3 மீட்டர் தளத்துக்கு 12 மில்லிமீட்டர். திறந்த கீழ்த்தளத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அதன் விறைப்பு மேல் தளத்தின் விறைப்பில் 80 சதவீதத்துக்கு மேலும், வலிமை 90 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். மேலே செங்கல் சுவர் நிறைய இருந்தால் இந்த 80-ஐ இரும்பு பிரேசிங்கால் எட்டுவது சில கட்டடங்களில் கஷ்டம், அப்போது சில இடங்களில் கான்கிரீட் சுவரே போட வேண்டிவரும். உள்ளதைச் சொன்னால், சின்ன ஃபிளாட்டுக்குப் பல நேரம் கான்கிரீட் சுவர்தான் சரியான விடை, நம் ஊர்க் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் பழகின வேலை அது. வெளிச்சமும் காற்றோட்டமும் போகக் கூடாது, எடை கூடக் கூடாது, மேலே ஆட்கள் குடியிருக்கும்போதே சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் இரும்பு ஜெயிக்கும். இரண்டையும் கலந்து போடுவதிலும் தவறில்லை. இன்ஜினியர் இரண்டுக்கும் கணக்குக் காட்டட்டும்.

எங்கே போடுவது

பார்க்கிங்கில் யாருடைய ஸ்லாட் போகும் என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். கட்டடத்துக்கு அந்தச் சண்டை தெரியாது, அதற்கு வேண்டியது சமநிலை. படிக்கட்டும் லிஃப்டும் ஒரு மூலையில் இருந்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே விறைப்பு. படிக்கட்டின் சாய்ந்த ஸ்லாப் கேட்காமலே ஒரு பிரேஸாக வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே கட்டடம் அந்த மூலையைச் சுற்றித் திருகும், எதிர்ப்பக்கத் தூண்கள்தான் அதிகம் நகரும். பிரேசிங்கை அந்த எதிர்ப்பக்கத்தில் போட வேண்டும். ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. நடுவில் சேர்த்து வைத்தால் திருகலைப் பிடிக்காது.

ஆகவே வெளிவரிசைதான் நல்லது. ஆனால் வெளிவரிசையிலும் மூலைக் கட்டத்தை, அதாவது மூலைத் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் உள்ள இடத்தை, தவிர்க்கப் பாருங்கள். பிரேஸ் ஒரு தூணைக் கீழே அழுத்தும்போது பக்கத்துத் தூணை மேலே தூக்கும், மூலைத் தூணின் மேல் எடை குறைவு, சுலபமாகத் தூக்கிவிடும். வரிசையின் நடுக் கட்டத்தில் எடை அதிகம் உள்ள தூண்களுக்கு இடையில் போட்டால் அந்த எடையே தூக்கலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நடைமுறையில் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம், கார் மூக்கை நுழைத்து நிறுத்துகிற இடத்தின் பின்புறம், இவைதான் கிடைக்கும். கார் அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போவதில்லை என்பதால் ஸ்லாட் ஒன்றும் போகாது. பின்னால் எடுக்கிற கார் இடிக்காமல் இருக்கத் தரையில் ஒரு தடுப்புத் திட்டு மட்டும் கட்டிவிடுங்கள்.

எந்த வடிவம்

குறுக்கு மறுக்கு வடிவம், அல்லது ஒற்றைச் சாய்வுகளை ஜோடியாக எதிரெதிர்த் திசையில் போடுவது, இரண்டும் சரி. ஒரே திசையில் எல்லாவற்றையும் சாய்த்துவிடக் கூடாது. ஒரு பக்கம் தள்ளும்போது எல்லாம் இழுவையில் இருக்கும், மறுபக்கம் தள்ளும்போது எல்லாம் அழுத்தத்தில் வளைந்துவிடும். ஒரு வரிசையில் இழுவையில் நிற்கும் பிரேஸ்கள் மொத்த விசையில் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் தாங்க வேண்டும் என்று இரும்புக் கட்டுமான விதிமுறையான ஐஎஸ் 800 சொல்வது இதற்காகத்தான்.

தலைகீழ் வி வடிவம் நடுவில் வழி விடும், பார்க்கிங்குக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அழுத்தத்தில் உள்ள கால் வளைந்ததும் இழுவையில் உள்ள கால் பீமின் நடுப்பகுதியைக் கீழே பிடித்து இழுக்கும். பழைய கான்கிரீட் பீம் அதற்கென்று டிசைன் செய்யப்பட்டதல்ல. தனியாக ஒரு இரும்பு பீமைக் கீழே சேர்க்காமல் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தூணின் நடு உயரத்தில் போய் முட்டும் கே வடிவம் கூடவே கூடாது, விதிமுறையே தடுக்கிறது. நடுவில் முட்டினால் தூண் அங்கேயே உடையும், தூண் போனால் மாடி போச்சு.

ஷெட் போடுகிறவர்கள் 20 மில்லிமீட்டர் ராடும் டர்ன்பக்கிளும் போட்டு முறுக்கிவிடலாம், செலவு குறையும் என்பார்கள். தகர ஷெட்டுக்கு அது போதும். கான்கிரீட் அடுக்குமாடியில் ஒரு பக்கம் நீண்ட ராட் மறுபக்கம் தொய்ந்துபோகும், திரும்பி வரும்போது தொய்வு நிமிர்ந்து சடாரென்று இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் தொய்வு கூடிக்கொண்டே போகும். வேண்டாம்.

சதுரப் பாக்ஸ் செக்‌ஷன் நல்ல தேர்வு. ஒல்லியாக இருக்கக் கூடாது: நீளத்துக்கும் சுழல் ஆரத்துக்கும் (இரும்பின் வெட்டுமுகம் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு) உள்ள விகிதம் விதிமுறையின் சாதாரண வகை பிரேசிங்குக்கு 120, கூடுதல் நிபந்தனைகள் உள்ள சிறப்பு வகைக்கு 160, அதைத் தாண்டக் கூடாது. 100 மில்லிமீட்டர் பாக்ஸ் 5 மீட்டருக்குத் தனியாக நின்றால் ஏறக்குறைய 130 வரும், சாதாரண வகையில் தேறாது. இரண்டு இரும்பும் நடுவில் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒழுங்காக இணைத்தால் நீளம் பாதியாகும், விகிதமும் பாதியாகும். மெல்லிய தகடு பாக்ஸை எடுக்காதீர்கள், வளையும் இடத்தில் சுவர் நசுங்கி நாலைந்து ஆட்டத்திலேயே கிழியும்.

ஜாயின்ட், ஜாயின்ட், ஜாயின்ட்

இனி வரும் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிரேஸில் 21 டன் வருகிறது என்று பார்த்தோம். அப்படியானால் இணைப்பை 21 டன்னுக்குப் போட்டால் போதுமா? போதாது. நிலநடுக்கம் கணக்கில் எழுதிய விசையோடு நின்றுவிடாது, அதைத் தாண்டிப் போகும் என்று தெரிந்தேதான் வகுக்கும் எண்ணையே விதிமுறை கொடுத்திருக்கிறது. அப்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். அது பிரேஸாக இருக்கட்டும், அது நீளும், வளையும், அதிர்வின் சக்தியை விழுங்கும். இணைப்பு விட்டுக்கொடுத்தால் பட்டென்று போகும், எதையும் விழுங்காது. அதனால் சாதாரண வகைக்கு விதி இப்படி: இரும்பு முழுதாக இழுபட்டு நீளும் வலிமையின் 1.2 மடங்கு, அல்லது நிலநடுக்க விசையை 2.5 மடங்காக்கி எடுத்த கணக்கு, இரண்டில் எது குறைவோ அதை இணைப்பு தாங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் பாக்ஸ், 6 மில்லிமீட்டர் தடிமன், 310 தரம் (இரும்பு நீளத் தொடங்கும் வலிமையைச் சொல்லும் எண்) என்றால் முதல் கணக்கில் ஏறக்குறைய 80 டன். இரண்டாவது கணக்கில் 50 டன்னுக்கு மேல். 21 எங்கே, 50 எங்கே!

இதனால்தான் "எதுக்கும் ஒரு சைஸ் பெரிசா போட்டுடுவோம் சார்" என்று ஃபேப்ரிகேட்டர் சொல்லும்போது சரி என்று தலையாட்டக் கூடாது. பிரேஸைப் பெரிசாக்கினால் அது விட்டுக்கொடுக்காது, அடுத்து இருக்கிற ஆங்கர், தூண், ஃபுட்டிங் இவற்றின் மேல் சுமை போகும்.

ஒரு கட்டடத்தில் பார்த்தது: தூணின் பூச்சு மேலேயே 10 மில்லிமீட்டர் பிளேட்டை வைத்து, மூலைக்கு ஒன்றாக நாலு விரிவு போல்ட் அடித்து, அதில் பிரேஸைச் சைட்டிலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். பெயின்ட் மட்டும் பிரமாதம். பிளேட்டுக்குப் பின்னால் விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி, பூச்சு தட்டினால் பொத்தென்று சத்தம். நிலநடுக்கமே வேண்டாம், ஒரு லாரி பின்னால் வந்து இடித்தாலே பிளேட் கையோடு வந்துவிடும்.

சரியான முறை என்ன? பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துக் கான்கிரீட்டின் முகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஸ்கேனரில் தெரிந்த கம்பிகளைச் சாக்பீஸால் தூணின் மேலேயே வரைந்துவிட வேண்டும். துளைகள் அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் விழ வேண்டும், மெயின் கம்பியை டிரில் பிட் தொட்டால் அந்தத் துளையை அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளிப் போட வேண்டும், கம்பியை வெட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. முதலில் தூணில் துளை, அப்புறம் பிளைவுட்டில் அதன் நகல், அந்த நகலை வைத்து இரும்பு பிளேட்டில் துளை. ஃபேப்ரிகேட்டர் முதலிலேயே பட்டறையில் துளை போட்டுக் கொண்டுவந்துவிட்டால் சைட்டில் அதற்குப் பொருந்தக் கம்பியை வெட்டுவார்கள், நிச்சயமாக வெட்டுவார்கள்.

ஆங்கருக்குக் கெமிக்கல் வகை, அதுவும் விரிசல் விட்ட கான்கிரீட்டிலும் நிலநடுக்கத்திலும் பிடிக்கும் என்று சோதித்துச் சான்று பெற்றது. துளை போட்டதும் ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊத வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன தடவை. இது ஏதோ சடங்கு மாதிரி தெரியும். துளைச் சுவரில் தூசி ஒட்டியிருந்தால் ரெசின் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும், வலிமை பாதாளத்துக்குப் போகும். ரெசின் இறுகிய பிறகு பக்கத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது, சூட்டில் இளகும். ஆகவே வெல்டிங்கெல்லாம் பட்டறையில், சைட்டில் போல்ட் மட்டும் என்று டிராயிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். பிளேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் சுருங்காத கிரவுட், அதாவது இடைவெளியை நிரப்பும் கலவை.

9 அங்குலத் தூண் என்றால் 230 மில்லிமீட்டர். ஓரத்திலிருந்து போதுமான தூரம் விட்டால் ஆங்கர் வைக்க இடமே மிஞ்சாது. இதற்கு ஜப்பானியர்கள் பள்ளிக்கூடங்களில் நாடு முழுக்கச் செய்த வழி நல்ல வழி. மூலையில் எல்லா விசையையும் குவிக்காமல், தூண் பீம் சட்டத்துக்குள் இன்னொரு இரும்புச் சட்டத்தைப் பொருத்துவார்கள், பிரேஸ் அந்த இரும்புச் சட்டத்தோடுதான் இணையும். இரும்புச் சட்டத்தின் வெளிமுகத்தில் வரிசையாக ஸ்டட், கான்கிரீட்டின் உள்முகத்தில் வரிசையாக ஆங்கர், இரண்டும் கைகோத்த மாதிரி நடுவில் நிற்கும், சுருள் கம்பி வைத்து அந்த இடைவெளியைக் கிரவுட்டால் நிரப்பிவிடுவார்கள். மூலையில் நாலு போல்ட்டில் வரவேண்டிய விசை பீமின் முழு நீளத்திலும் பரவிவிடும். அங்கே பள்ளிக்கூட ஜன்னல்களுக்கு வெளியே சாய்ந்த இரும்புகள் தெரிகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். செலவு கூடும், ஆனால் ஒல்லித் தூணுக்கு இதைவிட நம்பிக்கையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரேஸின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் கசெட் பிளேட்டில் ஒரு சின்ன விஷயம். பிரேஸ் அழுத்தத்தில் பக்கவாட்டில் வளையும்போது அதன் முனையில் கசெட் பிளேட் கீல் மாதிரி மடிய வேண்டும். அதற்கு, பிரேஸ் முடியும் இடத்துக்கும் பிளேட் பிடிக்கப்பட்ட கோட்டுக்கும் நடுவில் பிளேட் தடிமனைப் போல இரண்டு மடங்கு வெறுமையாக விட வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளேட் என்றால் 24 மில்லிமீட்டர். அழகாக இல்லை என்று யாராவது அங்கே ஸ்டிஃப்னர் வெல்டிங் வைத்தால் பிளேட் மடியாது, கிழியும்.

தூணும் ஃபுட்டிங்கும்

பிரேஸின் 21 டன்னில் செங்குத்துப் பங்கு 12, 13 டன். ஒரு தூணுக்குக் கூடுதல் அழுத்தம், பக்கத்துத் தூணுக்கு அதே அளவு தூக்கல். மேல் மாடிகள் கவிழப் பார்க்கும் விசையும் இதோடு சேரும். பிரேஸ் பொருத்தும் இரண்டு தூண்களை மட்டும் ஜாக்கெட்டிங் செய்வது, அதாவது சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது, பல கட்டடங்களில் தவிர்க்க முடியாது. ஊற்றும்போது பழைய மேற்பரப்பைக் கொத்திவிட்டு, புதுக் கம்பியை ஃபுட்டிங்குக்குள் துளைபோட்டு இறக்க வேண்டும். தரை டைல்ஸ் மட்டத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்த ஜாக்கெட் தூணுக்குச் சட்டை போட்டது போலத்தான், பாரம் தாங்காது.

கீழே தனித்தனி ஃபுட்டிங்காக இருந்தால், பிரேஸ் வருகிற இரண்டு ஃபுட்டிங்கையும் தரை மட்டத்தில் ஓடும் ஒரு புது கிரேடு பீமால் இணைத்துவிடுங்கள். பக்கவாட்டு விசை ஒரே ஃபுட்டிங்கை நகர்த்தாது, ஒன்றின் தூக்கலை மற்றதன் எடையும் பங்கு போட்டுக்கொள்ளும். அடையாறு, வேளச்சேரி மாதிரி தண்ணீர் மட்டம் உயர்ந்த இடங்களில் குழி தோண்டினால் ஊற்று வரும், கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபுட்டிங்கின் பக்கத்தில் அதைவிட ஆழமாக ஒருபோதும் தோண்டக் கூடாது, ஒரே நேரத்தில் எல்லாக் குழியையும் திறக்கவும் கூடாது.

மழைநீர் தேங்கும் பார்க்கிங் என்றால் பேஸ் பிளேட்டைத் தரை மட்டத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். அந்த அளவுக்கு உயர்த்த முடியாவிட்டாலும் ஒரு திட்டின் மேல் வைத்து, பாக்ஸின் இரு முனையையும் காற்றுப் புகாமல் அடைத்து, துத்தநாகம் நிறைந்த ப்ரைமரும் எபாக்சியும் அடியுங்கள். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் கால்வனைஸிங்கே நல்லது. பாக்ஸ் உள்ளிருந்து துரு பிடித்தால் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கீழே மட்டும் போதுமா?

மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர் ஒரே மாதிரி இருக்கும் ஃபிளாட்டுக்குப் பெரும்பாலும் கீழ்த்தளம் மட்டும் போதும். ஆனால் கீழே பார்க்கிங், அதற்கு மேல் இரண்டு மாடி கண்ணாடி போட்ட ஆபீஸ், அதற்கு மேல் வீடுகள் என்று இருந்தால் கதை வேறு. கீழ்த்தளத்தை மட்டும் பலப்படுத்தினால் பலவீனம் ஒரு மாடி மேலே ஏறிக்கொள்ளும். 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் நகராட்சியின் பழைய 8 மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி மட்டும் அப்படியே நசுங்கியது. கட்டுமான முறை மாறுகிற உயரம் அது. பிரேசிங்கை எங்கே நிறுத்தினாலும் அங்கே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாகப் போட்டதற்கு நல்ல உதாரணம் மெக்சிகோ நகரில் துரங்கோ 49 என்ற முகவரியில் இருந்த 12 மாடிக் கான்கிரீட் கட்டடம். 1979 நிலநடுக்கத்தில் அடிபட்டது, அடுத்த வருடம் வெளிப்புறத்தில் இரும்பு பிரேசிங் போட்டார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று அளவு 8 நிலநடுக்கம் வந்தபோது, பழைய ஏரிப் படுகையின் இளகிய மண்ணில் 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள்தான் மோசமாக அடிவாங்கின. இது அந்த உயரத்துக்குள்தான் வருகிறது, இருந்தும் நின்றது.

இன்னும் கட்டாத கட்டடம் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். கான்கிரீட்டில் கட்டினால் லிஃப்டைச் சுற்றி மட்டும் வைக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களிலும் கான்கிரீட் சுவரை வைத்து, ஐஎஸ் 13920 படி கம்பி கட்டிவிடுங்கள். இரும்புக் கட்டடம் என்றால் தேர்வுகள் அதிகம். பிரேஸின் முனையைத் தூணிலிருந்து கொஞ்சம் தள்ளி பீமில் இணைத்து, நடுவில் விடும் அந்தச் சின்னப் பீம் துண்டையே விட்டுக்கொடுக்க வைக்கும் முறை ஒன்று. இரும்புப் பட்டையைக் குழாய்க்குள் வைத்து மோர்ட்டார் நிரப்பி, ஆனால் ஒட்டாமல் பூச்சுக் கொடுத்து, அழுத்தத்திலும் வளையாமல் செய்யும் பிரேஸ் இன்னொன்று. அது ஜப்பானில் உருவானது. விதிமுறை முதல் முறைக்கு வகுக்கும் எண்ணாக 5 கொடுக்கிறது, சாதாரண பிரேசிங்குக்கு 4.

வேலை நடக்கும்போது

டெண்டரில் இரும்பின் எடைக்கு மட்டும் கிலோ விலை கேட்காதீர்கள். ஆங்கர், கிரவுட், ஜாக்கெட்டிங், கிரேடு பீம், சோதனை எல்லாவற்றுக்கும் தனி வரி வேண்டும். கிலோ விலையில் குறைவாகச் சொல்கிறவர் இரும்பைக் கூட்டுவார், ஆங்கரைக் குறைப்பார். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

ஆங்கர்களில் சிலவற்றை இழுத்துப் பார்க்கும் சோதனையை இன்ஜினியர் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள், எவற்றை இழுப்பது என்று அவர் அங்கேயே காட்டட்டும், ஒப்பந்தக்காரர் வேண்டாம். பட்டறையில் முக்கிய வெல்டிங்குகளுக்குச் சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையாவது செய்யச் சொல்லுங்கள், செலவு குறைவு. துளை சுத்தம் செய்வதையும் ரெசின் விடுவதையும் ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள், மூடிய பிறகு பார்க்க முடியாத வேலை அது. டிசைன் மேல் சந்தேகம் இருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஐஐடி மெட்ராஸிலோ கொடுத்துச் சரிபார்க்கலாம்.

முடிந்ததும் டிராயிங், சோதனை அறிக்கை, வீடியோ எல்லாவற்றையும் அசோசியேஷன் ஃபைலில் வைத்து, பிரேஸ் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்: வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, எதையும் வெல்டிங் வைக்கக் கூடாது. பைக் ஸ்டாண்டுக்கும் ஏசி பைப்புக்கும் யாராவது வந்து கை வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை துரு, தளர்ந்த நட், கிரவுட் விரிசல் மூன்றையும் பாருங்கள். நில அதிர்வு வந்துபோன பிறகு பிரேஸ் வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாற்றலாம். பிரேஸ் நேராக இருந்து, பிளேட்டைச் சுற்றிக் கான்கிரீட்டில் விரிசல் இருந்தால் அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை அந்தக் கட்டத்தின் பக்கம் காரை நிறுத்த வேண்டாம்.